ஏழு நிமிடத்துக்காக ஓடுகிறவர்களுக்கு



பருத்திப்பட்டு ஏரிக்கரையிலும், அம்பத்தூர் ஏரிப் பக்கத்துத் தெருக்களிலும், நசரத்பேட்டை தாண்டி வெளிவட்டச் சாலையின் ஓரத்திலும் விடியுமுன்னே ஓடிக்கொண்டிருக்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். என் பெயர் உங்களுக்குத் தெரியாது, ஆளைத் தெரிந்திருக்கும். வெளுத்த நீலத் தொப்பி, கொஞ்சம் தொப்பை, எல்லோரும் தாண்டிக்கொண்டு போகிற வேகம். ‘ஓரமா வாங்கண்ணா’ என்று பின்னாலிருந்து குரல் கொடுப்பீர்களே, அந்த ஆள் நான்தான்.

போன மாதம் ஒருநாள் ஆவடியில் ஒரு மைதானத்துச் சுவரோரம் ஒரு தம்பி ஷூவைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான். குதிகாலுக்கு மேலே ஸ்பிரே அடித்துக் கட்டைவிரலால் நீவிக்கொண்டிருந்தான். என்னாச்சு என்றேன். “நரம்பு புடிச்சுக்கிச்சுண்ணா. காலைல எழுந்தா தரையில கால் வைக்க முடியல. ஓட ஆரம்பிச்சா விட்டுடுது. நின்னா மறுபடி வருது.” மூன்று வாரமாக இப்படியாம். காவலர் பணிக்கான உடல்தகுதித் தேர்வுக்கு இன்னும் 38 நாள்தான் என்றான். “ரெஸ்ட் எடு தம்பி, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு நான் பாட்டுக்கு நகர்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து குளிக்கும்போதுதான் உறைத்தது. அதே இடத்தில் அதே வலியோடு 14 மாதம் கிடந்தவன் நான். எனக்கும் எல்லோரும் சொன்னது அதே ‘ரெஸ்ட்’தான். அந்த அறிவுரையைக் கேட்டதால்தான் 14 மாதம் இழுத்தது. மறுநாள் அவனைத் தேடிப் போனேன், வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை உங்கள் எல்லோருக்கும் எழுதிவிடுகிறேன். யார் மூலமாவது அவன் காதுக்கும் போகட்டும்.

நான் டாக்டர் இல்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்பிரிங் செய்கிற ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் சோதனைப் பிரிவில் வேலை. செய்து வருகிற ஸ்பிரிங்கை மெஷினில் மாட்டி ஆயிரக்கணக்கான முறை அமுக்கி விட்டு, எத்தனையாவது முறையில் அது உடைகிறது என்று பார்த்து எழுதுகிறவன். ஃபெட்டீக் டெஸ்ட் என்பார்கள் அதை. என் காலைத் தேற்றிய பிசியோதெரபிஸ்ட் அம்மா சொன்னதும், அதற்குப் பிறகு நானே தேடிப் படித்ததும்தான் இதில் இருக்கிறது.

முதலில் அந்தச் சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நாம் எல்லாவற்றையும் நரம்பு என்கிறோம். சுளுக்கினால் நரம்பு, பிடித்தால் நரம்பு, இழுத்தால் நரம்பு. உங்களுக்கு வலிக்கிற இடத்தில் இருப்பது நரம்பு இல்லை, தசைநாண். ஆடுசதையையும் குதிகால் எலும்பையும் இணைக்கிற கயிறு. நாண் என்றால் வில்லில் கட்டுகிற நாண். இந்த உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான பெயரை வேறு எந்த மொழியாவது வைத்திருக்குமா என்பது சந்தேகம்தான். மேல்நாட்டில் அக்கிலீஸ் என்ற கிரேக்கக் கதை வீரனின் பெயரை இதற்குக் கொடுத்தார்கள், அவனுக்குக் குதிகால் மட்டும்தான் பலவீனம் என்பதால். நம் பக்கத்துக் கதையிலும் கண்ணனுக்கு வேடன் விட்ட அம்பு பாதத்தில்தான் தைத்தது. காலில் அடிபட்டால் கடவுளுக்கே கதை முடிந்துவிடுகிறது என்று நம் ஆட்களும் யோசித்திருக்கிறார்கள். ஆனால் நாண் என்ற சொல்லில் பலவீனம் இல்லை. இழுத்தால் சக்தியைச் சேர்த்துவைத்து, விட்டால் திருப்பிக் கொடுப்பது நாண். உங்கள் குதிநாணும் ஒவ்வோர் அடியிலும் அதைத்தான் செய்கிறது.

உடம்பிலேயே தடித்த, வலுவான தசைநாண் இதுதான். நீளம் ஒரு சாணுக்கும் குறைவு. ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் இதன்மேல் விழுகிற இழுவிசை உடல் எடையைப்போல் ஆறு முதல் எட்டு மடங்கு. சோதனைப் பிரிவுக்காரன் புத்தி, கணக்குப் போடாமல் இருக்காது: 60 கிலோ எடையுள்ள ஒருவருக்குக் குறைந்தபட்சம் 360 கிலோ. ஐந்து கிலோமீட்டர் ஓடினால் ஒவ்வொரு காலும் ஏறக்குறைய 2,500 முறை தரையைத் தொடும். 360 கிலோவை 2,500 முறை. அதுவும் தினமும். எங்கள் கம்பெனி ஸ்பிரிங்காக இருந்தால் இதற்கு முன்னால் ஆயிரம் பேப்பரில் கையெழுத்து வாங்கியிருப்போம்.

ஸ்பிரிங்குக்கும் நாணுக்கும் இங்கே ஒரு வித்தியாசம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும். எஃகுக்கு ஒவ்வொரு முறை அமுக்குவதும் செலவுதான், வரவே கிடையாது. ஓரமாக எடுத்துவைத்தால் தேய்வு நிற்கும், வலு கூடவும் செய்யாது. நாண் உயிருள்ள பொருள். அளவாகச் சுமை கொடுத்தால் அந்தச் சுமைக்கு ஏற்றபடி விறைப்பாகவும் வலுவாகவும் தன்னை மாற்றிக்கொள்ளும். சுமையே கொடுக்காமல் எடுத்துவைத்தால் தொய்ந்துபோகும். ஆனால் மாற்றம் மிகவும் மெதுவாகத்தான் நடக்கும். ஆடுசதை சில வாரத்தில் தேறிவிடும், நாண் மாதக்கணக்கில் நேரம் கேட்கும். ரத்த ஓட்டம் அதற்குக் குறைவு. 1950, 60களில் வல்லரசுகள் வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்ததில் காற்றில் கூடிப்போன கார்பன்-14ஐ அளவுகோலாக வைத்து, டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் 2013இல் ஒன்றைச் சொன்னார்கள்: குதிநாணின் உள்பகுதி ஏறக்குறைய 17 வயதுவரைதான் உருவாகிறது, அதற்குப் பிறகு பெரும்பாலும் அப்படியே இருந்துவிடுகிறது. உங்களில் பலருக்கு அந்த வயது தாண்டியாகிவிட்டது. அதனால் இந்த நாணோடுதான் ரிடையர் ஆகும்வரை வண்டி ஓட்ட வேண்டும்.

என் கதை இதுதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். எஸ்டேட்டுக்குள் தண்ணீர், மெஷினுக்குள் தண்ணீர். வேலைக்குப் போவதே சேறு வாரத்தான் என்று ஆகிவிட்டது. மூன்று வாரம் ஓடவில்லை. ஜனவரி மாரத்தானுக்குப் பணம் கட்டியாகிவிட்டது. தண்ணீர் வடிந்ததும் விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்காமல், மூன்று வாரப் பாக்கியையும் சேர்த்து பத்தே நாளில் ஓடித் தீர்த்தேன். அதோடு புதிதாக வாங்கிய, குதிப்பக்கம் தட்டையான ஷூ வேறு. தட்டையான ஷூ கெட்டதில்லை, ஆனால் அது முழங்காலிலிருந்து எடுக்கிற சுமையை ஆடுசதைக்கும் நாணுக்கும் தள்ளும். பழகாத நாணுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தன. ஜனவரியில் ஓடினேன். மறுநாள் காலை கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு போனேன்.

உங்கள் விஷயத்தில் புயல் தேவையில்லை, தேர்வு நடக்கிற முறையே புயல் மாதிரிதான். எழுத்துத் தேர்வு முடியும்வரை மாதக்கணக்கில் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். முடிவு வந்த மறுநாள் மைதானத்துக்கு வருகிறீர்கள். காவலர் தேர்வில் ஆண்களுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள், பெண்களுக்கு 400 மீட்டரை 2 நிமிடம் 30 நொடிக்குள். அதைத் தாண்டினால் நீளம் தாண்டுதல், நூறு மீட்டர், ஆண்களுக்குக் கயிறு ஏறுதல். தரைப்படை அக்னிவீருக்குப் போகிற ஆண்களுக்கு 1.6 கிலோமீட்டர், 5 நிமிடம் 30 நொடிக்குள் வந்தால்தான் முழு மதிப்பெண். அதனால் முதல் நாளே கடிகாரத்தோடு ஓட்டம். மறுநாளும் கடிகாரம். மூன்றாம் நாள் ஓட்டம் முடிந்ததும் தாண்டுதல் பயிற்சி, எப்போதும் ஒரே காலில் உந்தி. எந்தக் காலில் உந்துகிறீர்களோ அந்தக் குதியில்தான் வலி முதலில் வருகிறதா என்று பாருங்கள். பாதிப் பேருக்கு ராத்திரி வேலை வேறு. எஸ்டேட்டில் சேஃப்டி ஷூ போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்பதும், டெலிவரி பையோடு மூன்று மாடி ஏறி இறங்குவதும் நாணின் கணக்கில் எழுதப்படுகிற சுமைதான்.

இப்போது ரெஸ்ட்டுக்கு வருகிறேன். வலி வந்ததும் நான் ஐந்து வாரம் ஓடவில்லை. வலி போனது. ஓடினேன், மூன்றாம் நாளே வந்துவிட்டது. மறுபடி ஆறு வாரம் ஓய்வு. மறுபடி வலி. இப்படியே வருஷம் போனது. காரணம் இப்போது தெரிகிறது: ஓய்வில் வலிதான் குறைந்தது, நாண் இன்னும் பலவீனமானது. அந்தப் பலவீனமான நாணை வைத்துக்கொண்டு பழைய ஓட்டத்தை ஓடினேன். நடுவில் ஒருவர் குதியை எண்ணெய் போட்டு வழித்துவிட்டார், இன்னொருவர் கட்டுப் போட்டுவிட்டார், மூன்றாமவர் வாரம் இரண்டு முறை ஏதோ மெஷின் வைத்துப் பணம் வாங்கினார். யாரும் நாணை வேலை வாங்கச் சொல்லவில்லை.

வேலை வாங்குவதுதான் வைத்தியம் என்று கண்டுபிடித்ததில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஸ்வீடனில் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் என்ற எலும்பு மருத்துவர். ஓட்டக்காரர். அவருக்கே குதிநாண் வலி. ஆபரேஷன் செய்துகொள்ள ஆசைப்பட்டார், மேலதிகாரி சம்மதிக்கவில்லை. சரி, வலியை முற்ற வைத்தால் செய்துதானே ஆகவேண்டும் என்று படிக்கட்டு விளிம்பில் நின்று குதியை இறக்கி இறக்கி வலியெடுக்க வைத்தார். முற்றவில்லை, குணமாகிவிட்டது. பிறகு அதையே முறையாகச் செய்து 1998இல் வெளியிட்டார். நாள்பட்ட வலியோடு வந்த 15 ஓட்டக்காரர்கள், ஒரு நாளைக்கு 180 முறை குதியை இறக்குகிற பயிற்சி, 12 வாரம். பதினைந்து பேரும் பழையபடி ஓடப் போனார்கள். கனம் போதவில்லை என்றால் முதுகுப்பையில் எடை ஏற்றிக்கொள்ளச் சொன்னார். வலித்தாலும் நிறுத்தச் சொல்லவில்லை. எனக்கு இந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது. தன் காலையே ஃபெட்டீக் டெஸ்ட்டுக்கு மாட்டியவர் அல்லவா!

தினமும் 180 முறை என்பது வேலைக்குப் போகிறவனுக்கு நடக்காத காரியம். நல்லவேளையாக 2015இல் டென்மார்க்கில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். வாரம் மூன்றே நாள், கனமான எடையோடு மெதுவாகக் குதியை உயர்த்தி இறக்கினாலும் அதே பலன் கிடைத்தது. நான் அதைத்தான் செய்தேன். ஜிம் வேண்டாம், நம் வீடுகளில் எல்லாம் இருக்கிற 20 லிட்டர் தண்ணீர் கேன் போதும்.

செய்யும் விதம் இப்படி. சுவரை விரலால் தொட்டுக்கொண்டு நின்று, மூன்று நொடியில் குதியை உயர்த்தி மூன்று நொடியில் இறக்குங்கள். அவசரப்பட்டுத் துள்ளினால் நாணுக்குப் பாடம் ஏறாது. இரண்டு காலிலும் பதினைந்து முறை, மூன்று தடவை, சிரமமில்லாமல் வந்துவிட்டால் ஒற்றைக் காலுக்குப் போங்கள். அதுவும் வந்துவிட்டால் முதுகுப்பையில் செங்கல்லோ அரிசியோ ஏற்றி, எண்ணிக்கையைப் பத்துக்கு, பிறகு எட்டுக்குக் குறையுங்கள். எடை கூட வேண்டும், எண்ணிக்கை அல்ல. இது நின்றுகொண்டு. பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்மேல் மடித்த துண்டை வைத்து அதன்மேல் கேனை வைத்துக்கொண்டு இதையே செய்யுங்கள். ஆடுசதைக்கு இரண்டு அடுக்கு. வெளியே தெரிகிற உருண்டை ஒன்று, அதற்கு அடியில் தட்டையாக இன்னொன்று. ஓட்டத்தில் பெரிய பங்கை அந்த அடித்தசைதான் தாங்குகிறது. முழங்கால் மடங்கினால்தான் அதற்கு வேலை போகும். இதை விட்டுவிட்டு நின்றபடி மட்டும் செய்தவர்கள் பாதிக் கிணறு தாண்டியவர்கள்.

வலி எங்கே என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். குதி எலும்பிலிருந்து இரண்டு முதல் ஆறு சென்டிமீட்டர் மேலே, கிள்ளினால் நாணிலேயே வலித்தால் படிக்கட்டு விளிம்பில் நின்று குதியைக் கீழேயும் இறக்கலாம். எலும்பில் நாண் சேர்கிற இடத்திலேயே வலி என்றால் தரைமட்டத்துக்குக் கீழே இறக்காதீர்கள். அங்கே குதியை இறக்க இறக்க நாண் எலும்பின்மேல் நசுங்கும். சுவரில் சாய்ந்து ஆடுசதையை இழுத்துப் பிடிக்கிற அந்தப் பிரசித்தி பெற்ற ஸ்ட்ரெச் இவர்களுக்கு ஆகவே ஆகாது. எல்லா மைதானத்திலும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். சேஃப்டி ஷூவின் பின்விளிம்பு உரசுவதும் இதே இடத்தில்தான். செருப்புத் தைப்பவரிடம் சொன்னால் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு ரப்பர் துண்டு வெட்டித் தருவார், குதிக்கு அடியில் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஷூவிலும் வையுங்கள், ஒன்றில் மட்டும் வைத்தால் இடுப்பு கோபித்துக்கொள்ளும்.

வலித்தால் நிறுத்தணுமா, ஓடலாமா? எல்லோரும் கேட்பது இதுதான். ஸ்வீடனில் கரின் சில்பெர்நாகல் என்பவர் 2007இல் இதற்குப் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு பாதிப் பேரை ஆறு வாரம் ஓடவிடவில்லை. இன்னொரு பாதியை வலியை அளந்துகொண்டே ஓடவும் குதிக்கவும் விட்டார். இரு கூட்டமும் குதி உயர்த்தும் பயிற்சி செய்தார்கள், இருவருமே ஒரேமாதிரி தேறினார்கள். ஓடவிட்டதால் யாரும் கெட்டுப்போகவில்லை. அளக்கிற விதம் எளிமை: வலியே இல்லை என்றால் பூஜ்யம், உலகத்திலேயே மோசமான வலி என்றால் பத்து. ஐந்துவரை போகலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு அடங்கிவிட வேண்டும். வாரத்துக்கு வாரம் கூடவும் கூடாது.

ஆக, உங்களுக்கு உண்மையைச் சொல்கிற நேரம் ஓடும் நேரம் அல்ல. ஓடும்போது உடம்பு சூடேறி வலியை மறைத்துவிடும், அந்தத் தம்பிக்கு ‘ஓட ஆரம்பிச்சா விட்டுடுது’ என்று ஆனது அதனால்தான். மறுநாள் படுக்கையிலிருந்து எழுந்து வைக்கிற முதல் பத்து அடிதான் சாட்சி. ஒரு பழைய நோட்டில் தினமும் இரண்டே எண் எழுதுங்கள்: நேற்று எவ்வளவு ஓடினேன், இன்று காலை முதல் அடியில் வலி பத்துக்கு எத்தனை. ரயிலில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஆவடி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் இறங்கு படிகள் இன்னொரு சாட்சி. மூன்று வாரம் எழுதிய பிறகு பாருங்கள், எந்த ஓட்டம் உங்களைக் கடிக்கிறது என்று அந்த நோட்டே காட்டிக்கொடுத்துவிடும். எனக்கு அது தூரம் இல்லை, வேகம். மெதுவாகப் பத்து கிலோமீட்டர் ஓடினால் இரண்டு, வேகமாக நானூறு மீட்டர் ஆறு முறை ஓடினால் ஆறு.

உங்களுக்கும் பெரும்பாலும் வேகமாகத்தான் இருக்கும். அதனால் கடிகார ஓட்டத்தைத் தினமும் வைக்காதீர்கள். கடுமையாக வேலை வாங்கிய பிறகு முதல் ஒன்றரை நாள் நாணில் தேய்மானம்தான் அதிகம், அதற்குப் பிறகுதான் கட்டுமானம் முந்துகிறது. அடுத்த கடும் ஓட்டத்துக்குமுன் முழுதாக இரண்டு நாள் விடுங்கள். நடுவில் சைக்கிள், கயிறு ஏறுதல், மெதுவான ஓட்டம். சின்ன மைதானத்தில் எப்போதும் ஒரே பக்கமாகச் சுற்றுகிறவர்கள் மெதுவாக ஓடும் நாளில் எதிர்ப்பக்கமாகச் சுற்றுங்கள். கணுக்காலுக்கு உள்பக்கம் ஓடுகிற நாண் ஒன்று உண்டு, பாதத்தின் வளைவைத் தூக்கிப் பிடிப்பது அதுதான். தட்டைப் பாதக்காரர்களுக்கு ஒரே பக்கம் சரிந்த சாலையோரத்தில் ஓடினால் முதலில் அது முணுமுணுக்கும். வெளிப்பக்க நாண் வலி பெரும்பாலும் பள்ளத்தில் கால் மடங்கிய பழைய சுளுக்கின் மிச்சம். ஏற்பாடு இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான், பயிற்சி மட்டும் மாறும்.

இனி, தவிர்க்க வேண்டியவை. தேர்வு நாளுக்காக நாணில் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். வலி போகும், அந்த இடம் அறுந்துபோகிற ஆபத்து கூடும். ரத்தத்தை எடுத்துச் சுற்றி அதையே திருப்பி ஏற்றுகிற பி.ஆர்.பி. ஊசிக்கு ஆயிரக்கணக்கில் பணம் கேட்பார்கள். நெதர்லாந்தில் 2010இலும் இங்கிலாந்தில் 2021இலும் முறையாகச் சோதித்தார்கள், நாள்பட்ட குதிநாண் வலிக்கு உப்புத் தண்ணீர் ஊசியையும் வெறும் நடிப்பு ஊசியையும் விட அது ஒன்றும் கூடுதலாகச் செய்யவில்லை. அந்தப் பணத்தில் உங்களுக்கு ஒரு வருஷம் முட்டையும் கடலையும் வாங்கலாம்.

இன்னொன்று யாரும் சொல்லாதது. வயிற்றுப்போக்கு என்று கடையில் கேட்டால் டாக்டர் சீட்டு இல்லாமலே எடுத்துக் கொடுக்கிற சிப்ரோஃப்ளாக்சசின், ஓஃப்ளாக்சசின், லீவோஃப்ளாக்சசின் வகை மாத்திரைகள் குதிநாணைப் பலவீனப்படுத்தக்கூடியவை, அறுக்கவும் கூடியவை. அமெரிக்க மருந்து ஆணையம் 2008இலேயே இதற்குக் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கையை அட்டையில் அச்சிடச் சொல்லிவிட்டது. டாக்டர் எழுதிக் கொடுத்தால் நான் ஓடுகிறவன், குதியில் வலி இருக்கிறது என்று அவரிடம் சொல்லுங்கள், வேறு மருந்து இருக்கும். கடையில் நீங்களாக வாங்காதீர்கள்.

எப்போது இந்த மடலை மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்? பின்னாலிருந்து யாரோ உதைத்த மாதிரி ‘டப்’ என்று ஒன்று, திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை, ஒற்றைக் காலில் குதியைத் தூக்க முடியவில்லை: நாண் அறுந்திருக்கிறது. சுளுக்கு என்று வழிக்கப் போகாமல் அன்றே போங்கள். நடக்க முடிகிறதே என்று ஏமாறாதீர்கள், அறுந்தாலும் தட்டுத்தடுமாறி நடக்கலாம். எலும்பில் ஒரு விரல் வைத்தால் அந்தப் புள்ளியில் மட்டும் துடிக்கிறது என்றால் எலும்பு விரிசலாக இருக்கலாம். இரண்டு குதியும் சேர்ந்து வலிக்கிறது, விடியும்போது இடுப்பு அரைமணி நேரமாவது விறைத்துக் கிடக்கிறது, வயது இருபதுகளில் என்றால் அது ஓட்டத்தால் வந்ததே அல்லாமல் இருக்கலாம். அதற்கு வாத நோய் மருத்துவர் வேண்டும். எஸ்டேட் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு அப்பாவின் ஈ.எஸ்.ஐ. அட்டையில் பெயர் இருக்கும், அயனாவரம் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போகலாம். மற்றவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனை இருக்கிறது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவில் விளையாட்டுக் காயங்களுக்கென்றே தனி மையம் உண்டு.

உங்களுக்குப் பயிற்சி கொடுக்கிற அண்ணன்களுக்கும் ஒரு வார்த்தை. காசு வாங்காமல் விடியற்காலையில் வந்து நிற்கிறீர்கள், அதற்குக் கும்பிடு. ஆனால் தாமதமாக வந்தவனுக்குத் தண்டனையாகத் தவளைப் பாய்ச்சல் ஐம்பது என்பதை விட்டுவிடுங்கள். வலிக்கிறது என்று சொல்கிறவனைச் சோம்பேறி என்றால், அடுத்த முறை அவன் சொல்லமாட்டான், ஊசி போடுகிறவரைத் தேடிப் போவான்.

கடைசியாக அந்த 38 நாள். 12 வாரம் என்று நான் பேசிக்கொண்டிருக்கிறேன், அவனிடம் ஐந்தரை வாரம்தான் இருந்தது. மறுபடி அவனைப் பார்த்தால் என்ன சொல்வேன் என்று நிறைய யோசித்தேன். முழுதாகக் குணமாகி ஓடுவாய் என்று சொல்லமாட்டேன், அது பொய். ஆனால் வலி நாலிலேயே அடங்கி நிற்கிற காலோடு ஏழு நிமிடத்துக்குள் ஓடலாம். இன்றிலிருந்தே குதி உயர்த்தும் பயிற்சி, வாரம் மூன்று நாள். கடிகார ஓட்டம் வாரத்துக்கு ஒன்று, மூன்றாவது வாரத்திலிருந்து காலை வலி அனுமதித்தால் இரண்டு. 1500 மீட்டரை முழுதாக ஓடிப் பார்ப்பது மொத்தமே மூன்று முறை. மூச்சுக்குச் சைக்கிள். அதில் நெஞ்சு வெடிக்க மிதிக்கலாம், நாணுக்கு அந்தச் சுமை ஓட்டத்தைவிட எவ்வளவோ குறைவு. தாண்டுதல் பயிற்சியில் எண்ணிப் பத்துத் தடவை, அதற்குமேல் இல்லை. கடைசி ஐந்து நாள் எடை வேண்டாம், மெதுவாக மட்டும் ஓடு. காலை வலி ஆறைத் தொட்டு மூன்று நாள் இறங்கவே இல்லை என்றால், அடுத்த அறிவிப்புக்குக் காத்திரு. வயது வரம்பு கையைவிட்டுப் போகிறவனிடம் இதைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சீனத்தின் லியூ ஷியாங் 2008இல் சொந்த நாட்டு ஒலிம்பிக்கில், ஊரே பார்த்திருக்க, குதி வலியோடு தடையோட்டத்தின் தொடக்கக் கோட்டிலிருந்து நொண்டிக்கொண்டு வெளியே போனார். நான்கு வருஷம் கழித்து லண்டனில் முதல் தடையிலேயே குதிநாண் அறுந்து விழுந்தார். நம் முகமது ஷமி 2023 உலகக் கோப்பையில் 24 விக்கெட் எடுத்துவிட்டு 2024 பிப்ரவரியில் குதிநாணுக்கு ஆபரேஷன் செய்துகொண்டார், நவம்பரில்தான் மறுபடி பந்து போட வந்தார். அவர்களுக்கெல்லாம் பின்னால் டாக்டர் படையே இருந்தது. உங்களுக்கு நோட்டும் கேனும்தான்.

இப்போது நான் வாரம் நான்கு நாள் ஓடுகிறேன். காலை வலி பெரும்பாலும் பூஜ்யம், மழைக்கு அப்புறம் சில நாள் ஒன்று. வாரம் இரண்டு நாள் கேன் பயிற்சியை இன்னும் விடவில்லை. ஞாயிறு ஐந்தரை மணிக்குப் பருத்திப்பட்டுக் கரையில் இருப்பேன். சந்தேகம் இருந்தால் நிறுத்திக் கேளுங்கள், நிறுத்துவது ஒன்றும் கஷ்டமில்லை, என் வேகம் உங்களுக்குத் தெரியும். அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் இருந்தால் கையோடு கூட்டிக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
அம்பத்தூர் ஓ.டி. பக்கமிருந்து
உங்கள் நீலத்தொப்பி அண்ணன்

பி.கு.: கேனை மடியில் வைக்குமுன் மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல் நாள் பார்க்கவில்லை. மிக்ஜாமுக்குப் பிறகு எங்கள் வீட்டு ஹாலில் தண்ணீர் நின்றது அன்றைக்குத்தான்.